நேர்முகமும் புறங்கூறலும்

இண்டூரில் இருந்துகொண்டே உத்தியோகம் பார்ப்பது சிலருக்குத்தான் வாய்க்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். மற்றவர்களுக்கு வேலை என்பது பஸ் ஏறிப் போய்க் கேட்க வேண்டிய ஒன்று. கிழக்கே தருமபுரி. அங்கிருந்து வடக்கே ஓசூர், பெங்களூர். தெற்கே சேலம், அதைத் தாண்டித் திருப்பூர். மேற்கே போகிற பஸ் பென்னாகரத்துக்கும் ஒகேனக்கல்லுக்கும் போகிறது. அந்தத் திசையில் உத்தியோகம் தேடி அநேகமாக யாரும் ஏறுவதில்லை. மழையை நம்பிய நிலக்கடலையும் கேழ்வரகும் ஒரு குடும்பத்தில் எல்லோரையும் வைத்துக்கொள்ளாது. ஆகவே இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது எங்கோ ஒரு மேஜைக்கு எதிரே, நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டு வந்தவராக இருப்பார்.

வேலையில்லாதவனைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். அவனுடைய தாடி, சிகரெட், தகப்பனாருடன் பேச்சு நின்றுபோனது எல்லாம் நம் கதைகளுக்குப் பழக்கமானவை. அந்த மேஜைக்கு முன்னால் கழிந்த பத்து நிமிஷங்களைப் பற்றியும், அவன் எழுந்து போன பிறகு அந்த அறையில் பேசப்பட்டதைப் பற்றியும் நாம் அதிகம் யோசித்ததாகத் தெரியவில்லை. அரசாங்கத் தமிழ் அதை நேர்முகத் தேர்வு என்கிறது. நல்ல சொல். இரண்டு முகங்கள் நேருக்கு நேர் சந்திக்கும் என்று அது வாக்குக் கொடுக்கிறது. மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்கு நிச்சயமாகத் தோன்றுவது இதுதான்: நேர்முகமாகத் தொடங்குகிற காரியம் பெரும்பாலும் புறங்கூறலில் முடிகிறது. ஒருவனைப் பற்றிய தீர்ப்பு, அவனைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லப்படுகிறது. வேலை கிடைத்த பிறகும் இந்த வழக்கம் அவனை விடுவதில்லை.

நான் போன முதல் இன்டர்வியூ 1984-ல், பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியில், கணக்குப் பிரிவு குமாஸ்தா வேலைக்கு. மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். என் விண்ணப்பத்தில் இருந்த ஊர்ப் பெயரை அவர்கள் மத்தியப் பிரதேசத்து இந்தூர் என்று வாசித்துவிட்டார்கள். எல்லாம் இங்கிலீஷில். அவ்வளவு தூரத்திலிருந்தா வருகிறீர்கள், எந்த ரயில் என்றார் நடுவில் இருந்தவர். விடியற்காலை பஸ், நாலு மணி நேரம் என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விளக்கினேன். ஓரத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே தமிழுக்கு மாறினார். அப்படி மாறியபோது கூடவே 'நீ' வந்துவிட்டது. 'தருமபுரியில எந்தப் பக்கம்? அப்பா என்ன பண்றார்? நிலம் இருக்கா? வீடு ஊருக்குள்ளயா, வெளியிலயா?'

என் பதில்கள் என்ன என்பது இங்கே முக்கியமில்லை. கேள்விகள் முக்கியம். வரவு, பற்று, பேரேடு, இருப்பு என்று ஒரு வார்த்தை அந்த அறையில் உச்சரிக்கப்படவில்லை. ஊருக்குள்ளா வெளியிலா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் ஒரே அர்த்தம்தான் உண்டு. கேட்டவருக்கும் தெரியும், கேட்கப்பட்டவனுக்கும் தெரியும். வெளியே பார்த்தால் அது ஊர் விசாரிக்கும் மரியாதை.

இதை என் சொந்தக் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. 2007 அக்டோபரில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் சுகதேவ் தோராட்டும் பால் அட்டவெல்லும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்திரிகை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். மாறியது பெயர் மட்டும். அடுத்த கட்டத்துக்கு அழைக்கப்படும் சாத்தியம், உயர்சாதி இந்துப் பெயரோடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்காகவும் முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்காகவும் இருந்தது. அதே இதழில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் ஆளெடுக்கும் மேலாளர்களிடம் பேசி எழுதியிருந்தார்கள். தாங்கள் தகுதியை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லும் அந்த மேலாளர்கள், மறு வாக்கியத்திலேயே குடும்பப் பின்னணியைக் கேட்பது அவசியம் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் முரண்பாடு இருப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

நம் பக்கத்தில் பெயரோடு சாதியை ஒட்டிக்கொள்வது போய், தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும் நிற்கிறது. இது சாதாரண சாதனையல்ல. ஆனால் பெயர் மௌனமாகிவிட்டால் கேள்வி முகவரிக்குப் போகிறது. அங்கே ஒரு 'காலனி' இருந்தால் மேற்கொண்டு கேட்க வேண்டியதில்லை. அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். மேஜைக்குப் பின்னால் இருப்பவர் இனி வேறு கேள்வி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிடுவார்.

ஊர்ப் பிள்ளைகள் எழுத்துத் தேர்வை ஏன் அவ்வளவு நம்புகிறார்கள் என்பது இந்தப் பின்னணியில்தான் புரியும். 1929-ல் சென்னை மாகாணத்தில் சர்வீஸ் கமிஷன் ஏற்பட்டது. மாகாணக் கமிஷன்களில் அதுதான் முதலாவது. இன்று குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண்ணுக்கு அந்தச் சரித்திரம் தெரியாது. ஆனால் அந்த வேலைக்கு இன்டர்வியூ இல்லை என்பது தெரியும். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கும் இன்டர்வியூ வேண்டாம் என்று 2015 சுதந்திர தினத்தன்று சொல்லப்பட்டு, 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விடைத்தாளுக்கு முகம் கிடையாது, ஊர் கிடையாது, பதிவெண்தான். இன்னொரு காரணமும் உண்டு என்று நினைக்கிறேன். தோற்றவனுக்கும் தன் மதிப்பெண் தெரிகிறது. எத்தனை மதிப்பெண்ணில் நின்றுபோனோம் என்பது அவன் கைக்குத் திரும்பி வருகிறது. அதை வைத்துக்கொண்டு அடுத்த வருஷத்துக்குப் படிக்கலாம். இன்டர்வியூவில் தோற்றவனிடம் அப்படி ஒன்றும் இல்லை. அவனிடம் இருப்பது பஸ் டிக்கெட்.

ஆனாலும் முகமே வேண்டாம் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. இந்த மண்ணிலேயே அதற்கு எதிராக ஒரு பழைய சாட்சி இருக்கிறது. தருமபுரிதான் சங்க காலத்துத் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் வாசலில் இரண்டு புலவர்கள் வந்து நின்றது புறநானூற்றில் இருக்கிறது. 206-ஆம் பாட்டில் ஔவையார். பரிசில் தாமதமாகிறது, உள்ளே கூப்பிடவில்லை. அவர் வாயில்காப்போனைப் பார்த்துப் பேசுகிறார்: உன் தலைவன் தன்னையும் அறியவில்லை, என்னையும் அறியவில்லை போலிருக்கிறது, கைத்தொழில் தெரிந்த தச்சனுடைய பிள்ளைக்குக் காடு எப்படியோ எங்களுக்கு உலகம் அப்படி, எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு. காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருக்கிறவன் மனசுக்குள் சொல்லிக்கொள்வதை அவர் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். பிறகு அதே ஔவையார் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனதையும் அதே நூலில் பார்க்கிறோம். எதிர்த்துப் பேசியது உறவை முறிக்கவில்லை.

எனக்கு அதைவிடப் பெரியதாகப் படுவது 208-ஆம் பாட்டு. பெருஞ்சித்திரனார் வருகிறார். அதியமான் அவரைப் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்புகிறான். புலவர் வாங்க மறுக்கிறார். காணாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போக நான் வியாபாரி இல்லை. என்னைப் பார்த்து, என் தகுதியின் அளவு தெரிந்து தந்தால், தினையளவு தந்தாலும் போதும் என்கிறார். வறுமையில் வந்தவர், கைக்கு வந்த பொருளை வேண்டாம் என்கிறார். அவர் கேட்டது வேலையோ கூலியோ மட்டுமல்ல. பார்க்கப்பட வேண்டும் என்று கேட்டார். பார்த்த பிறகு அளவு குறைந்தாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தார். எடை போடுவதற்கு அவர் பயப்படவில்லை. எடை போடாமலே ஒரு முடிவு வந்ததுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

பிறகு எனக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அங்கே 30 வருஷத்துக்கு மேல் இருந்தேன். ஆபீஸில் வருஷத்துக்கு ஒரு முறை, மார்ச் முடிந்ததும், ஒவ்வொருவரைப் பற்றியும் மேலதிகாரி ஒரு குறிப்பு எழுதி அனுப்புவார். பச்சைக் கோப்பு என்று சொல்வோம். எழுதப்பட்டவர் அதைப் பார்க்க முடியாது. என்னோடு சேர்ந்தவர்களும் எனக்குப் பின்னால் வந்தவர்களும் மேலே போனார்கள். ஆறு வருஷம் நான் இருந்த நாற்காலியிலேயே இருந்தேன். யாரும் என்னிடம் எந்தக் குறையும் சொன்னதில்லை. ஆடிட் நாட்களில் ராத்திரி 11 மணிவரை என்னைத்தான் வைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஓய்வு பெற்றுப் போகிற அதிகாரி ஒருவர், போகிற போக்கில், கோப்பில் என்ன இருந்தது என்று சொன்னார். ஆறு வருஷமும் ஒரே வாக்கியம்: அமைதியானவர், இப்போதைய பணிக்குப் பொருத்தமானவர்.

அமைதியானவர் என்பதை எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் பெண் கொடுப்பார்கள். அந்தக் கோப்பில் அது வேறு காரியம் செய்தது. அந்தச் சொல்லில் பொய் ஒன்றும் இல்லை. திட்டும் இல்லை. என் முன்னால் சொல்லியிருந்தால் நான் ஒன்று பேசியிருப்பேன், அல்லது பேசாமலே இருந்து அதை நிரூபித்திருப்பேன். இரண்டில் எது என்பது என் கையில் இருந்திருக்கும். என்னைப் பற்றிய ஒரு வாக்கியம் ஆறு வருஷம் என்னைச் சுற்றி நடமாடியிருக்கிறது, எனக்கு அறிமுகமில்லாமல்.

இதே விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருப்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. தேவ் தத் என்பவர் எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் செயற்பொறியாளர். கண்காணிப்புப் பொறியாளராக உயர வேண்டுமானால் கடைசி ஐந்து வருஷக் குறிப்புகளும் 'மிக நன்று' என்று இருக்க வேண்டும். அவருக்கு 1993-94-ல் மட்டும் 'நன்று' என்று எழுதியிருந்தது. பாதகமான குறிப்பை மட்டும்தான் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அன்றைய விதி. 'நன்று' பாதகமில்லையே, ஆகவே தெரிவிக்கவில்லை. பதவி உயர்வு போயிற்று. 2008 மே 12-ல் தீர்ப்பு வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். எச். கே. சேமாவும் மார்க்கண்டேய கட்ஜுவும் அமர்ந்த அமர்வு சொன்னது எளிமையானது: ஒரு சொல் பாதகமா என்பதை அந்தச் சொல்லை வைத்துப் பார்க்கக் கூடாது, அது செய்த காரியத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த 'நன்று' ஒருவருடைய உயர்வைத் தடுத்தது. ஆகவே அது பாதகமான குறிப்பே. எந்தக் குறிப்பானாலும் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2009-ல் மத்திய அரசு முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டும்படி உத்தரவிட்டது. அறிக்கையின் பெயரிலிருந்து 'ரகசியம்' போயிற்று. 2013-ல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதி செய்தது. சொற்களோடு காலம் கழிக்கிறவர்கள் நாம். 'நன்று' என்ற சொல் ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதைப் பற்றி நம் விமர்சனக் கட்டுரைகள் எதிலும் இவ்வளவு துல்லியமாக நான் படித்ததில்லை.

என் ஆபீஸிலும் காலம் மாறியது. பச்சைக் கோப்பு போய் 'ஃபீட்பேக்' வந்தது. தமிழில் பின்னூட்டம் என்கிறார்கள். யந்திரங்களிலிருந்து வந்த சொல் இது. ஜேம்ஸ் வாட் 1788-ல் நீராவி இஞ்சினில் இரண்டு குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலே எழும், அந்த அசைவே நீராவியின் வழியைக் குறுக்கும், வேகம் தணியும். 1948-ல் நார்பர்ட் வீனர் 'சைபர்நெட்டிக்ஸ்' எழுதியபோது இந்தக் குண்டுகள்தான் அவருக்கு முன்மாதிரி. விஷயம் என்னவென்றால், சேதி அதே இஞ்சினுக்குத் திரும்பி வர வேண்டும். இஞ்சினின் வேகத்தைப் பக்கத்து அறையில் ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டால் அது பின்னூட்டம் ஆகாது. இஞ்சினைப் பற்றிய புறங்கூறல்தான்.

புதிய முறையில் சேதி நமக்கே வந்தது, ஆனால் ஜோடித்து வந்தது. முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, முடிவில் இன்னொரு பாராட்டு. இதைச் சொல்லித் தர மும்பையிலிருந்து ஆள் வந்தார். சாண்ட்விச் என்றார். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்று நம்மிடம் ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. இதில் கஷ்டம் என்னவென்றால், கொஞ்ச நாளில் எல்லோரும் பழத்தைப் பார்த்தவுடன் ஊசியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். உண்மையான பாராட்டுக்கும் மதிப்புப் போய்விட்டது.

நல்ல பின்னூட்டத்தை நான் பார்த்தது ஆபீஸில் இல்லை, கடலைக் காட்டில். களை வெட்ட வந்த புதுப் பெண் 45 நாள் தாண்டிய செடியின் அடியில் களைக்கொத்தைப் போடப் போகிறாள். அடுத்த சாலில் இருக்கும் மூத்தவள் தலை நிமிராமலே சொல்கிறாள்: 'அங்க கொத்தாத சாமி, விழுது எறங்கியிருக்கு. கையால பிடுங்கு.' அவ்வளவுதான். பூவிலிருந்து விழுது மண்ணுக்குள் இறங்கித்தான் காய் பிடிக்கும். அந்தச் சமயத்தில் மண்ணைக் கலைத்தால் காய் இல்லை. என்ன செய்யக் கூடாது, ஏன், பதிலுக்கு என்ன செய்வது, மூன்றும் அந்த ஒரு வார்த்தைக்குள் வந்துவிடுகின்றன. செய்கிற கையைப் பற்றித்தான் பேச்சு, ஆளைப் பற்றி இல்லை. சொல்கிறவளும் அதே வெயிலில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறாள். கூலி குறைவு, வேலை கடினம், அதை நான் புனிதமாக்க வரவில்லை. ஆனால் ஒரு தீர்ப்பு உரியவரிடம் போய்ச் சேருவதற்கு என்னென்ன வேண்டும் என்பது அங்கே தெரிந்தது.

இதை எழுத்தாளர்கள் படிக்கிற ஒரு பத்திரிகையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1959 ஜனவரியில் சி. சு. செல்லப்பா 'எழுத்து'வைத் தொடங்கியபோது அபிப்பிராயங்களை வெளிப்படையாக, பெயர் போட்டு, காரணம் சொல்லி அச்சில் வைக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான நோக்கம். இன்று நம்மிடையே என்ன நடக்கிறது? கவிதைத் தொகுப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால், நன்றாக வந்திருக்கிறது என்கிறோம். வெளியீட்டு விழாவில் இன்னும் கொஞ்சம் உயர்த்திச் சொல்கிறோம். டீக்கடையில்தான் உண்மையான மதிப்பீடு நடக்கிறது. அதில் சில நேரம் அபாரமான நுட்பம் இருக்கும். ஒரு படிமம் ஏன் நிற்கவில்லை, ஒரு வரி எங்கே இரவல் என்றெல்லாம் விரிவாகப் பேசப்படும். அந்தக் கவிஞன் மட்டும் அங்கே இல்லை. நம்மிடமும் ஒரு பச்சைக் கோப்பு இருக்கிறது. 'நன்று' என்று எழுதி மூடி வைக்கிறோம். பத்து வருஷம் கழித்து அவன் ஏன் வளரவில்லை என்று அதே டீக்கடையில் வியக்கிறோம். புறங்கூறாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கியது ஒழுக்கத்தை மட்டும் நினைத்து இருக்காது. முகத்துக்கு முன் சொல்லப்படாத அறிவு வீணாகிற அறிவு.

இப்போது முகமும் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் பி.காம். முடித்த பெண் ஒருத்திக்கு வந்த இன்டர்வியூ போனில். எதிரே ஆள் இல்லை. கேள்வி எழுத்தாக வரும், இரண்டு நிமிஷம் போனைப் பார்த்துப் பேச வேண்டும், பதிவாகும். முதல் கேள்வி, உன்னைப் பற்றிச் சொல். சுவரோரம் வெளிச்சம் வரும் இடம் பார்த்து, அக்கம்பக்கத்து மிக்ஸி நிற்கிற நேரம் பார்த்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஒரு கண்ணாடிப் புள்ளியைப் பார்த்து அவள் சிரித்தாள். தலையாட்ட அங்கே யாரும் இல்லாததால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலாம் நாள் கடிதம் வந்தது. உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, உங்கள் விவரங்களைப் பத்திரமாக வைத்திருப்போம் என்று. மொபைலை என்னிடம் காட்டி, 'பெரியப்பா, இதுல என்னப் பத்தி எங்க இருக்கு?' என்று கேட்டாள். நான் இரண்டு முறை படித்தேன். எங்கும் இல்லை. எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அதே கடிதம் பொருந்தும். காணாமல் கொடுத்த பரிசிலைத் திருப்பிவிடலாம். காணாமல் மறுத்ததை யாரிடம் திருப்புவது?

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தது என் வேலையின் கடைசிச் சில வருஷங்களில். தேர்வாகாதவரிடம் காரணம் சொல்லக் கூடாது என்பது கம்பெனி விதி. சட்டச் சிக்கல் வருமாம். ஒரு நாள் பாலக்கோட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன், எல்லாம் முடிந்த பிறகு மாடிப்படியில் என்னை நிறுத்தினான். 'எனக்குக் கெடைக்காதுன்னு தெரியுது சார். எதனாலன்னு மட்டும் சொல்லுங்க.' சுற்றிலும் யாரும் இல்லை. கணக்கு உனக்கு நன்றாக வருகிறது, பேங்க் ரீகன்சிலியேஷனில்தான் தடுமாறிவிட்டாய் என்றேன். காசோலை கொடுத்திருப்பாய், பேங்கில் இன்னும் பாஸ் ஆகியிருக்காது, அதை எந்தப் பக்கம் கூட்டுவது என்பதில் உனக்குக் குழப்பம், ஒரு வாரம் உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் வந்துவிடும் என்றேன். அவன் முகம் வாடவில்லை. காகிதத்துக்காகப் பையைத் துழாவினான், கிடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து இடது உள்ளங்கையில் அதை எழுதிக்கொண்டு, மை காயட்டும் என்று கையை விரித்தபடியே படியிறங்கிப் போனான்.